இரண்டு காலி கேன்களும் ஒரு குக்கரும்

"ஒன்பது கிலோ! அதுக்கு மேல ஒரு குண்டூசி கூட ஏறக் கூடாது!"

தூக்குத் தராசும் கையுமாகக் கூடத்தின் நடுவில் நின்றாள் ரஹிமா. காயல்பட்டினத்தில் இருந்த அந்த வீட்டில் அன்று கால் வைக்க இடமில்லை. கூடாரம், டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, அட்டைக் கடிக்கு உப்பு, அவல், மருந்துப் பொட்டலம் என்று தரையெல்லாம் சாமான். எதிரே அவளுடைய கல்லூரித் தோழர்கள் இருவர் தங்கள் பைகளோடு பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் ஆவுடையப்பனின் பை. கொக்கியில் மாட்டியதும் முள் பதினாலைத் தொட்டது! திறந்து பார்த்தால் ஒரு தலையணை, இரண்டு டப்பா முறுக்கு, அடியில் ஐந்து லிட்டர் குக்கர்.

"ஏலே, நாம மலைக்குப் போறமா, மறுவீட்டுக்குப் போறமா?"

"மலை மேல அரிசி லேசுல வேகாதாம்லா ரஹிமா..."

"அவலைத் தின்னுட்டுக் கெட. எடு எல்லாத்தையும்!"

அடுத்தவன் பிரின்சன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவன் பையின் எடை சரியாக இருந்தது. ஆனால் பைக்கு வெளியே, இரு கையையும் விரித்து அளந்தால் முப்பது பாகம் வரும் நைலான் கயிறும் மூடி போட்ட இரண்டு காலித் தண்ணீர்க் கேன்களும் தொங்கின.

"இது எதுக்கு? மலையில ஓடைக்கு ஓடை தண்ணி ஓடுது."

"தண்ணி பிடிக்க இல்ல. காலி கேன் இல்லாம எங்கப்பா வள்ளத்துல கால வைக்க மாட்டாவ. எதுக்காவது ஆவும், கெடக்கட்டும்."

ரஹிமா வாயைத் திறக்கும் முன் கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அவளுடைய அக்கா ஷமீமா. இடது காலில் தொடை வரை மாவுக்கட்டு. இந்தப் பயணமே அவளுக்காகத்தான்.

ஷமீமா தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. நான்கு வருடமாகக் கூனிப்பாறை மலையில் ஏறி இறங்கி, ஒரு சின்னச் செடி எப்போது பூக்கிறது, எங்கே காய்க்கிறது என்று ஆறு சிறிய நோட்டுகளில் எழுதி வைத்திருந்தாள். போன மாதம், மலையில் அவள் தங்கும் குகைக்கு அருகே சறுக்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வருவதே பெரும்பாடாக இருந்ததில் நோட்டுகள் இருந்த தகரப் பெட்டி குகையிலேயே தங்கிவிட்டது. அடுத்த வாரம் மழைக்காலத்துக்காக மலைப்பாதையை மூடிவிடுவார்கள். திறக்கத் தை பிறக்க வேண்டும். அதற்குள் நோட்டெல்லாம் கரையானுக்கு விருந்தாகியிருக்கும்! எப்படியோ கேட்டு இரண்டு நாள் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"பெட்டி கிடைக்கலன்னாலும் பரவால்ல. நீங்க மூணு பேரும் முழுசா வந்துருங்க" என்றாள் ஷமீமா.

பரவாயில்லை என்று சொன்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதை ரஹிமா பார்த்தாள். "கிடைக்கும் ராத்தா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை சோதனைச் சாவடியில் மல்லன் காணி காத்திருந்தார். காட்டுக்குள் வழிகாட்ட வனத்துறை அனுப்பிய காவலர், இருபத்தாறு வயது. அன்று ஷமீமாவை முதுகில் சுமந்து இறக்கியவரும் அவர்தான். ரஹிமா கைகூப்பியதும், "நன்றி எல்லாம் மலையிறங்கிச் சொல்லு தங்கச்சி. நட!" என்று முன்னால் கிளம்பிவிட்டார்.

நடந்தார்கள். மரத்துக்கு மரம் பிரின்சனின் கேன்கள் 'டொக் டொக்' என்று முட்டின.

"தம்பி, யானைக்கு நாம வர்றது தெரியணும்தான். அதுக்காக மேளம் கொட்டணுமா?" என்று மல்லன் சிரித்தார். பிரின்சன் பையிலிருந்த லுங்கியைக் கிழித்துக் கேன்களைச் சுற்றிக்கொண்டான். கழற்றிப் போட மட்டும் மனம் வரவில்லை.

நாலு மணிக்கு வானம் கறுத்தது. "கூடாரத்தைப் போடுங்க, சீக்கிரம்!" என்று மல்லன் கத்தினார்.

அங்கேதான் வந்தது வினை. கூடாரத்தை மூட்டை கட்டியவன் பிரின்சன். வள்ளத்தில் கட்டாத சாமான் கடலுக்குப் போய்விடும் என்று பழகியவன் அவன். ஆகவே கம்பிகளைக் கம்பிகளோடு கட்டி, முளைகளை இரண்டிரண்டாகக் கட்டி, எல்லாவற்றையும் சேர்த்து அந்த முப்பது பாகம் கயிற்றாலேயே சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தான். மழை பட்டதும் முடிச்சுகள் கல்லாகிவிட்டன! மல்லன் கத்தியை உருவினார்.

"அய்யோ, கயித்த அறுக்காதிய அண்ணே!" பிரின்சன் மூட்டையின் மேல் விழுந்து மறைத்தான். நல்ல கயிற்றை அறுக்க அவனுக்குக் கை வராது. பல்லால் கடித்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து முடிப்பதற்குள் நாலு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

"இது என்ன கப்பலா? உன்னையும் உன் கயித்தையும் கூட்டிட்டு வந்தது என் தப்பு!" என்று ரஹிமா வெடித்தாள்.

பிரின்சன் கயிற்றைப் பிழிந்து சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான். அவளுக்கு அது புரிய ஒரு நாள் பாக்கியிருந்தது.

மறுநாள் காலையிலேயே குகையை எட்டினார்கள். டார்ச் வெளிச்சத்தில் முள்ளம்பன்றி முட்கள், வௌவால் எச்சம், ஒரு பாறை இடுக்கு... "இருக்கு!" என்று ரஹிமா அலறினாள். தகரப் பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கரையான் பெட்டியின் வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே ஆறு நோட்டுகளும் காய்ந்த காகிதமாகவே இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் இறங்கும் வழியில் மயிலோடை அவர்களை மறித்தது. வரும்போது முழங்காலளவு ஓடிய தண்ணீர் இப்போது மார்பளவு, செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டு!

"மேல பெய்யுது. இப்ப கடந்தா கடந்தோம். இன்னும் ஒரு மணி நேரம் போனா நாலு நாளைக்கு இந்தக் கரைதான்" என்றார் மல்லன்.

"நோட்டைத் தலையில வெச்சுக்கிறேன்."

"ரெண்டு கையும் கயித்துல இருக்கணும் தங்கச்சி. இல்லன்னா நீயும் போவ, நோட்டும் போவும்."

ரஹிமா ஓட்டைப் பெட்டியைப் பார்த்தாள். பிரின்சன் மெல்லச் சொன்னான்: "மிதக்க விட்டு இழுக்கலாம். கேன் இருக்கு. தண்ணி போவாத டப்பாதான் வேணும்."

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். "வையக் கூடாது, என்ன? தலையணைய மட்டுந்தான் வீட்டுல வெச்சேன்." பையிலிருந்து குக்கரை எடுத்தான்! அதற்குள் ஒரு டப்பா முறுக்கும் இருந்தது.

யாரும் வையவில்லை. நோட்டுகள் கச்சிதமாக உள்ளே அடங்கின. ரப்பர் வளையத்தோடு மூடி இறுகியது. வெயிட் போடும் துளையை ரஹிமாவின் மெழுகுவத்தியை உருக்கி அடைத்தார்கள். இரு பக்கமும் கேன்களை வைத்துப் பிரின்சன் கட்டினான். எந்தக் கடலுக்கும் அவிழாத அதே முடிச்சு.

மல்லன் நீந்திப் போய் அக்கரை மரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஆவுடையப்பன் அதைப் பிடித்துக் கடந்தான். மீதிக் கயிற்றில் குக்கரைக் கட்டிவிட்டு, அதன் முனையோடு பிரின்சனும் கடந்தான். ரஹிமாவை அழைத்துவர மல்லன் திரும்பி வந்தார். முழுக் கயிறு. நேற்று அறுத்திருந்தால் இரண்டு கரைக்கும் எட்டியிருக்காது!

"விடு ரஹிமா!" என்று அக்கரையிலிருந்து பிரின்சன் கத்தினான்.

ரஹிமாவால் முடியவில்லை. நாலு வருஷத்தை வெள்ளத்தில் விடுவதா? "பிரின்சா! நேத்து சொன்னதுக்கு மன்னிச்சிரு!" என்று கத்தினாள்.

"அத இந்தக் கரைக்கு வந்து சொல்லு! மொதல்ல விடு!"

கண்ணை மூடிக்கொண்டு விட்டாள்.

குக்கர் ஆடி ஆடி ஓடையின் நடுவுக்குப் போனது. அப்போது மேலிருந்து ஒரு மரக்கட்டை புரண்டு வந்தது. 'படார்!' ஒரு கேன் உடைந்தது. குக்கர் மூழ்கிவிட்டது! ஒன்று... இரண்டு... மற்றொரு கேன் முண்டியடித்து மேலே வந்தது. அதன் கழுத்தைப் பிடித்தபடி குக்கரும் சாய்வாக எழுந்தது! பிரின்சன் பாறையில் காலை உதைத்து, வலை இழுக்கிறவன் போலக் கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை இழுத்தான்.

ரஹிமா அக்கரை வந்து சேர்ந்ததும் மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிரின்சனின் கயிறு அறுத்த உள்ளங்கைகளைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைக் கூட்டிட்டு வந்ததுதான் நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்லே" என்றாள்.

சோதனைச் சாவடியில் மல்லனின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது அவளுக்குப் பேச்சு பாதியில் தடைப்பட்டது. மீதியை ஆவுடையப்பன் முறுக்கு டப்பாவாகக் கொடுத்தான்.

மறுநாள் காயல்பட்டினத்தில் ஷமீமா மடியில் குக்கரை வைத்தார்கள். திறந்து பார்த்தவள் ஒவ்வொரு நோட்டாகத் தடவினாள். பிறகு மல்லன் உட்பட நாலு பேரின் பெயரையும் சொல்லி நன்றி கூறி, கேன் எப்படி உடைந்தது என்பதை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாள்.

அடுத்த பயணத்துக்கு ரஹிமா பட்டியல் எழுதும்போது தராசைத் தூக்கும் முன் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டாள்: "இத எதுக்கு எடுத்துட்டு வார?" பதிலை முழுசாகவும் கேட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஷமீமாவின் ஆய்வேடு அச்சாகி வந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியர்களுக்கு அடுத்த வரியில் மல்லன் காணி, ரஹிமா, பிரின்சன், ஆவுடையப்பன். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: 'ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றுக்கும், அதை மூழ்க விடாத காலி கேனுக்கும், மயிலோடையில் உடைந்துபோன அதன் ஜோடிக்கும்.'

பிரின்சன் அந்த வரியை விரல் வைத்துப் படித்தான். பிறகு, "அப்பாவுக்குக் காட்டணும்" என்று சொல்லி, புத்தகத்தைப் பாலிதீன் உறைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, கயிற்றால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டான்.