இடது பின்சக்கரம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் சந்தில் ராமதாஸின் பட்டறை இருந்தது. மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அந்தச் சந்து முழுக்க அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஜெரின் காரைக் கொண்டுவந்து நிறுத்திய அந்த முற்பகலிலும் அடித்தது. அதனால் கார்க் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த ஈர வாடையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெரின், கல்மண்டபத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நாசரேத்துக்காரர் ஒருவரின் மகன். பழைய கார் ஒன்றை வாங்கி, தரையோடு தரையாகத் தாழ்த்தி, அகலமான டயர் மாட்டியிருந்தான். டயர்கள் காரின் உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவற்றை மூடுகிற மாதிரி நாலு பக்கமும் பெண்டர் பிளேர் போட வேண்டும் என்றான். சக்கரத்துக்கு மேலே வளையும் தகட்டின் ஓரத்தை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் வெளியே நீட்டினாற்போல ஃபைபர் வளைவு பொருத்தும் வேலை அது. ராமதாஸ் அதைப் பலமுறை செய்தவன்.

"இடது பின்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேத்தி அறுத்துருங்கண்ணே," என்றான் ஜெரின்.

ஏன் என்று கேட்டதற்கு, அங்கே உரசுகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டான். சாவியைக் கையில் வைத்துவிட்டு, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனான்.

வேலை தொடங்குமுன் டயருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்ப்பது ராமதாஸின் வழக்கம். மூன்று சக்கரங்களில் ரெண்டு விரல் தாராளமாகப் போனது. இடது பின்சக்கரத்தில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்று ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தான். ஸ்பிரிங் புத்தம் புதிது.

பெயிண்ட் அடிக்கும் ஒவைஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பின்னாடி யாரோ குண்டா குந்திகினு கீறாங்க மாமு. மீட்டர் போடு."

மற்ற மூன்று பக்கமும் சொன்னபடி கேட்டன. டேப் ஒட்டி, வளைவு வரைந்து, கிரைண்டரால் அறுத்து, அறுத்த வாய்க்கு உப்புக்காற்று ஏறாமல் ரெட் ஆக்சைடு பூசி, ரப்பர் பட்டை வைத்து, பிளேரைத் திருகினான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

நாலாவதையும் அப்படியேதான் செய்தான். ஜாக்கியை இறக்கியதும் டயர் மேலே ஏறிப் புது பிளேரின் உள்பக்கத்தைக் கடித்தது.

கழற்றினான். இன்னும் மேலே அறுத்தான். மாட்டி இறக்கினான்.

கார் இன்னும் கீழே அமுங்கியது.

மறுபடி அறுத்தான். எவ்வளவு இடம் விட்டானோ, அவ்வளவும் அமுங்கியது. இடம் கொடுக்கக் கொடுக்க யாரோ வசதியாகச் சாய்ந்துகொள்வது போல.

பின்கதவைத் திறந்து பார்த்தான். சீட்டில் ஒரு துணிகூட இல்லை. டிக்கியும் காலி. ஆனால் சீட்டின் இடது பக்கம் குழிந்திருந்தது. உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது. கையை எடுத்த பிறகும் பஞ்சு மேலே எழும்பவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குழிந்தது.

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலர் சோற்றுக் கேரியரோடு வந்தாள். ராமதாஸின் மனைவி. இரண்டு தடவை கரு கலைந்து, வெகு வருஷம் கழித்து இப்போது வயிற்றில் தங்கியிருக்கிறது. குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் பிடிப்பது முதல் மாவு அரைப்பது வரை அவனே பார்த்தான். சோறு கொண்டுவர வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் அதை மட்டும் அவள் கேட்பதில்லை. அவளை விசிறிக்கு நேராக முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சக்கரங்களுக்குக் கீழே கட்டை கொடுத்து, டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தான்.

தலைக்கு மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"கால் கடுக்குதுயா. செத்த இதுல குந்திக்கிறேன்."

வேண்டாம் என்று கத்த வாய் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு ஆள் ஏறினால் கார் அமுங்க வேண்டும்.

கார் எழும்பியது.

டார்ச் வெளிச்சத்தில் அவன் கண்ணெதிரே டயருக்கும் பிளேருக்கும் நடுவே இடைவெளி மெல்ல, மெல்ல விரிந்தது. மேலே மலர் யாரோடோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ஒவைஸாக இருக்கும் என்று நினைத்தான். தலையைத் திருப்பினால் ஒவைஸின் கால்கள் தூரத்தில், குழாயடியில் தெரிந்தன.

தவழ்ந்து வெளியே வந்து கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்தான்.

"யாராண்ட பேசினே?"

"நான் எங்கய்யா பேசினேன்? கண்ணு சொக்கிடுச்சு," என்று அவள் இறங்கினாள். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

சீட்டு சமமாக இருந்தது.

சாயங்காலம் ஜெரின் வந்தான். குனிந்து இடது பின்சக்கரத்தில் விரல் விட்டான். ரெண்டு விரலும் போயின. நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"கடைசியா உள்ள உக்காந்தது யாருண்ணே?" என்றான், யார் காதிலும் விழாத குரலில்.

ராமதாஸ் அவன் சட்டையைப் பிடித்தான். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டான். ஜெரின் திமிறவில்லை.

"சத்தியமா தெரியாதுண்ணே. நான் வாங்கும்போதே இருந்துச்சு. எங்கம்மா பயந்துகிட்டு ஒருநாள்கூட இதுல ஏறல."

பிடி தளர்ந்தது. ஜெரின் காரை எடுத்தான். ராமதாஸ் டிக்கியைத் தட்டிக்கொண்டே சந்து முனை வரை பின்னால் ஓடினான். எடுத்துனு போ, எடுத்துனு போ என்றான். எதை எடுத்துப் போகச் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜெரின் நிறுத்தவுமில்லை.

மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் மலருக்கு மாதப் பரிசோதனை. ராமதாஸ் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அவளிடம் எதுவும் சொல்லவுமில்லை. சொல்லி என்ன செய்யச் சொல்வது? வரிசையில் பத்துப் பெண்களுக்குப் பின்னால் அவளுக்கு முறை வந்தது. முள் வைத்த எடை மெஷினில் ஏறி நின்றாள். நர்சம்மா அட்டையில் குறித்துக்கொண்டாள்.

"எறங்கிக்கோம்மா," என்றாள், தலை நிமிராமல்.

மலர் அதற்கு முன்பே இறங்கி, ராமதாஸின் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எறங்கும்மான்னா."

மெஷினில் யாருமில்லை. முள், வளர்ந்த ஆள் ஒருத்தரின் எடையில் நின்று லேசாக நடுங்கியது.

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். மெஷினின் கண்ணாடியை விரலால் தட்டினாள். முள் அவசரப்படாமல் கீழே வந்தது. அது பூஜ்யத்தைத் தொட்ட அதே நேரம் மலரின் நகங்கள் ராமதாஸின் தோளில் இறங்கின. அவள் முழங்கால்கள் மடங்கின.

அவன் அவளைத் தாங்கிப் பிடித்தான். தூக்கி நிறுத்த முடியவில்லை.

"பயந்துக்காதேயா," என்றாள் மலர், மூச்சு வாங்கியபடி. அவள் முகமெல்லாம் சிரிப்பு. "புள்ள கனக்குது. நல்லா வளந்துகினு கீது."