அசதி தராத வண்டி

"வேகமான வண்டி எதுன்னு நான் கேக்கலடா. ரொம்ப நேரம் ஓட்டினாலும் கை வலிக்காத வண்டி எது? அத மட்டும் சொல்லு."

செவெரின் கேட்டதுக்கு ஹெட்செட்ல கிளெமென்ஸ் சிரிச்சான். "அப்போ டிராம எடுத்துக்கோ. அதான் உனக்கு நல்லா வருதே."

"டிராம்லயும் தூங்கிடுவான்," அப்படின்னா பொக்னா. "பிட்டோம் ஜனங்க பாவம்."

செவெரினும் சிரிச்சான். சிரிக்கவே அசதியா இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி டிப்போவுக்குப் போயி, பிட்டோம் ஊர் முழுக்க டிராம் ஓட்டிட்டு, அப்பதான் வந்து உக்காந்திருந்தான். டிராம்ல ஸ்டியரிங்கே கிடையாது, தண்டவாளம் எங்க போகுதோ அங்கதான் போகணும். கைப்பிடிய விட்டா மணி அடிக்கும், அதுக்கும் அசையலேன்னா வண்டி தானா நின்னுடும். டிரைவர் செத்துட்டான்னு அதுக்கு அர்த்தம். அதனாலதான் வீட்டுக்கு வந்ததும் இந்த சிம்முல, கார் பந்தய சிமுலேட்டர்ல, உக்காருவான். இரும்பு சட்டத்துல ஒரு ரேஸ் சீட்டு, மூணு பெடல், எதிர்ல பெரிய திரை, நடுவுல ஸ்டியரிங். அந்த ஸ்டியரிங்குக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு. ரோட்டோட மேடு பள்ளம், டயர் வழுக்கறது, எல்லாத்தையும் அது கைக்குக் கொண்டுவந்து குடுக்கும். நல்லா இழுக்கும். ஏமாந்தா கட்டைவிரல உடைச்சிடும்.

கிளெமென்ஸ் ஆன்லைன்ல ஒரு டீம் வச்சிருந்தான். மூணே பேர். போன சீசன் கடைசி பந்தயத்துல ஜெயிக்கிற நேரத்துல செவெரின் நேர்ரோட்டுல கண் சொக்கி வண்டிய செவுத்துல கொண்டுபோய் வச்சான். கிளெமென்ஸ் திட்டல. அடுத்த நாள் மட்டும் சொன்னான்: "இன்னொரு தடவ தூங்கினேன்னா உன் சீட்ட லுப்ளின் ஊர்க்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காத."

கோவம் வரல. பயம்தான் வந்துச்சு. வாரம் முழுக்க அவன்கிட்ட பேசற குரல் ரெண்டுதான். ஒண்ணு கிளெமென்ஸ், இன்னொண்ணு கிதினியா ஊர்ல பல்செட்டு செய்யற பொக்னா. ரெண்டு பேரையும் நேர்ல பாத்ததுகூட இல்ல. ஆனா அந்த சீட்டு போச்சுன்னா, சாயங்காலம் கதவத் தொறந்து உள்ள வந்தா அந்த வீட்டுல கெட்டில் சத்தத்தத் தவிர ஒண்ணும் இருக்காது.

அவங்க ஓட்டற ஆன்லைன் லீக்ல ஒரு சட்டம் உண்டு. ஜிடிங்கற ரேஸ் கார்ங்க லிஸ்ட்லேந்து ஒரு டீம் ஒரே வண்டிதான் எடுக்கணும், மூணு பேரும் அதத்தான் மாத்தி மாத்தி ஓட்டணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தத் தேர்வ பூட்டிடுவாங்க. அப்புறம் சீசன் முடியற வரைக்கும் மாத்த முடியாது.

"உனக்கு எது ஒத்துக்குதோ அதே எங்களுக்கும்," அப்படின்னு கிளெமென்ஸ் விட்டுட்டான். "நாங்க எதுலயும் ஓட்டுவோம். நீதான் நோஞ்சான்."

அப்படித்தான் அவன் ஒண்ணொண்ணா ஓட்டிப் பாக்க ஆரம்பிச்சான். நடுவுல எஞ்சின் வச்சது பூனை மாதிரி, கொஞ்சம் அசந்தா பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்து நிக்கும். பின்னாடி எஞ்சின் வச்சதுல பிரேக்க விட்ட உடனே மூக்கு தூக்கிக்கும், ஒவ்வொரு வளைவும் ஒரு பஞ்சாயத்து. முன்னாடி எஞ்சின் வச்சதுங்க சாது, ஆனா பாரம், அரை மணி நேரத்துல தோள்பட்டை கழண்டு போச்சு.

லிஸ்ட்டோட அடியில ஒண்ணு இருந்துச்சு. ஓர்லிக். வெள்ளை. நீளமான மூக்கு, ரொம்பப் பின்னால தள்ளி உக்காரணும், ஏதோ படகோட வால் பக்கம் உக்காந்த மாதிரி.

"அத ஏன் எவனும் எடுக்கறதில்ல?"

"தெரியல," அப்படின்னா பொக்னா. "ஸ்லோவும் இல்ல. ஒரு சீசன்ல ஒரு டீம் எடுத்தானுங்க. நல்லாத்தான் ஓட்டினானுங்க. அப்புறம் ஆளுங்களையே காணோம். சலிச்சுப் போயிருக்கும்."

எடுத்து ஓட்டினான். ஆரம்பத்துல ஒண்ணும் தோணல. எஞ்சின் சத்தம் மட்டும் மத்ததுங்கள விட அடங்கி, தூரத்துல யாரோ கதவ சாத்திக்கிட்டு ஹம் பண்ற மாதிரி. ரெண்டு மூணு சுத்து போனப்புறம்தான் அவன் கண்ணுல பட்டுது. திரையில ஸ்டியரிங்க பிடிச்சிருக்கற கருப்பு கையுறைங்க. எல்லா வண்டியிலயும் இருக்கும். நம்ம கை திரும்பினா அதுவும் திரும்பும், கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதமா. இதுல தாமதம் இல்ல.

தாமதம் இல்லங்கறதுகூட இல்ல. அது முதல்ல திரும்புச்சு. அப்புறம் இவன் கை.

கம்ப்யூட்டர் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டான். கண்ணக் கசக்கிட்டு இன்னொரு சுத்து போனான். நேர்ரோடு வந்துச்சு. சிம் ஓட்டற எல்லாரும் செய்யறதுதான், நேர்ரோட்டுல கைய லூசா விட்டு விரல மடக்கி நீட்டுவாங்க, மோட்டார் தானா ஸ்டியரிங்க நேரா வச்சுக்கும். அவனும் விட்டான். விரல மடக்கினான், நீட்டினான், கழுத்த சொடக்கினான், கொட்டாவி வந்துச்சு, ஒரு நொடி கண்ண மூடினான், தொறந்தப்ப வளைவு தாண்டியிருந்துச்சு. சுத்தமா. ஓரத்துக் கல்ல உரசாம. அவன் கை மடியில இருந்துச்சு.

"டேய், அந்த வளைவ எப்படிடா எடுத்த?" அப்படின்னு கிளெமென்ஸ் கத்தினான். "உன் வாழ்நாள்லயே அவ்வளவு அழகா எடுத்ததில்ல!"

"தெரியல," அப்படின்னான் செவெரின். நெஜமாவே தெரியல. ஆனா தோள் வலிக்கல. அதுதான் அவன் மனசுல நின்னுச்சு.

மறுநாள் டிராம்ல கைப்பிடிய அறியாம விட்டுட்டான். மணி அடிச்சுது. தூக்கிவாரிப் போட்டு பிடிச்சான். ஒரு பொம்பள பையோட தடுமாறி விழப் பாத்து, வாய்க்கு வந்தபடி திட்டிட்டு எறங்கினாங்க.

வீட்டுக்கு வந்தா, படியில கீழ் வீட்டு யாத்விகா அம்மா மறிச்சாங்க. சத்தம் ஜாஸ்தியானா ஹீட்டர் குழாயில கரண்டியால தட்டற ஆளு. படி முழுக்க அவங்க முட்டைக்கோஸ் வேகற வாசன.

"தம்பி, சாயங்காலம் ஓட்டறத பொறுத்துக்கறேன். காலைலயுமா? நீ டூட்டிக்கு போனப்புறமும் மேல கொர்ருனு இழுத்துக்கிட்டே இருக்கு. தட்டித் தட்டி என் கரண்டி வளஞ்சு போச்சு."

"நான் வீட்டுலயே இல்லம்மா. வாஷிங் மெஷினா இருக்கும்."

"வாஷிங் மெஷின் கியர் மாத்துமா தம்பி?"

மேல போனான். கோட்டக் கழட்டாமலே நின்னு பாத்தான். திரை இருட்டா இருந்துச்சு. சுவிட்ச் அணைச்சுதான் இருந்துச்சு. ஸ்டியரிங்கத் தொட்டான். சூடா இருந்துச்சு. மோட்டார் பக்கம் இல்ல. கை பிடிக்கற இடத்துல, ரெண்டு பக்கமும், இப்பதான் யாரோ விட்டுட்டுப் போன மாதிரி.

வேணாம்னு முடிவு பண்ணினான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நடு எஞ்சின் வண்டியிலயே உக்காந்தான். நவம்பர் மாசம், ஜன்னலுக்கு வெளிய சாயங்காலத்துக்கு முன்னாடியே இருட்டிடுச்சு. ஊறுகா வெள்ளரிக்காய கடிச்சுக்கிட்டே ஓட்டினான், புளிப்புல தூக்கம் போகும்னு. போகல. சுத்தி விட்டான். மறுபடி சுத்தி விட்டான். மூணாவது தடவ செவுத்துல.

ஹெட்செட்ல கிளெமென்ஸ் கீபோர்ட்ல எதையோ தட்டற சத்தம் கேட்டுச்சு. திட்டினாகூட பரவால்ல.

"செவெக்," அப்படின்னு அவன் பேர சுருக்கிக் கூப்பிட்டா பொக்னா, ரொம்ப மெதுவா. "உனக்கு ரொம்ப முடியலேன்னா சொல்லுடா. தப்பில்ல."

தொரத்தறதுக்கு முன்னாடி பேசற குரல் அது. அவனுக்குத் தெரியும்.

"ஓர்லிக்," அப்படின்னான். "ஓர்லிக் பூட்டுங்க."

பூட்டிட்டாங்க.

சனிக்கிழமை பந்தயம். முதல்ல செவெரின், அப்புறம் பொக்னா, கடைசியா கிளெமென்ஸ். ஆள் மாத்தறதுக்கு வண்டி பிட்டுங்கற ஓரத்துக்கு வந்து நிக்கணும். காலைல டூட்டி முடிச்சுட்டு நேரா வந்து உக்காந்திருந்தான். கண்ணுக்குள்ள மண்ணு விழுந்த மாதிரி இருந்துச்சு. கொடி அசஞ்சதும் கையுறைங்க ரெண்டும் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சுது. அவன் இன்னும் இறுக்கல.

கொஞ்ச நேரம் அவனும் கூடவே திருப்பினான், தான்தான் ஓட்டறோம்னு தனக்கே காட்டிக்கற மாதிரி. இடது, வலது, பிரேக்கு, கியரு. எல்லாத்துக்கும் அது ஒரு இமைப்பு முந்திக்கிச்சு. போகப் போக அவன் கை சும்மா தொத்திக்கிட்டு இருந்துச்சு, டிராம்ல நிக்கறவன் கம்பியப் பிடிக்கற மாதிரி. அப்புறம் அதுவும் இல்ல. கைய எடுத்து மடியில வச்சான். எந்த மணியும் அடிக்கல. வண்டி நிக்கல. ஒவ்வொருத்தனா தாண்டி முன்னாடி போயிட்டே இருந்துச்சு, கிளெமென்ஸ் இவன் காதுல சந்தோஷத்துல கத்திக்கிட்டே இருந்தான், ஹீட்டரோட கதகதப்பு முழங்கால்ல ஏறிட்டே இருந்துச்சு, இத்தன வருஷத்துல யாருமே அவன்கிட்ட "நீ படு, நான் பாத்துக்கறேன்"னு சொன்னதில்லன்னு அவனுக்குத் தோணிச்சு. கண்ண மூடினான்.

முழிச்சப்ப வாசன மாறியிருந்துச்சு.

வெள்ளரிக்கா வாசன இல்ல. முட்டைக்கோஸ் இல்ல. கருகின ரப்பர். பெட்ரோல். பழைய வேர்வ, அவனுது இல்லாத வேர்வ. கேம்ல வாசன வராது.

சீட்டு அதிர்ந்துச்சு, முதுகெலும்பு வரைக்கும். கால பெடல்லேந்து எடுக்கப் பாத்தான். வரல. கையப் பாத்தான். மடியில இல்ல. ஸ்டியரிங்க பிடிச்சிருந்துச்சு. கருப்பு கையுறை.

நடுக் கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டிங்க தெரியணும். தெரியல. ஒரு ரூம் தெரிஞ்சுது. அலமாரி. ஹீட்டர். ஆணியில அவனோட டிராம் கம்பெனி கோட்டு. எதிர்ல சீட்டுல அவனே. தலை சாஞ்சு, வாய் பொளந்து, தூங்கிட்டு.

கத்தினான். எஞ்சின்தான் கத்துச்சு.

"செவெக், அடுத்த சுத்து பிட்டுக்குள்ள வா," பொக்னா குரல் எங்கயோ கூரைக்கு மேல கேட்டுச்சு. "என் முறை. எப்படிடா இருக்க?"

கண்ணாடியில தூங்கினவன் கண்ணத் தொறந்தான். கைய நீட்டி, விரல விரிச்சு, ஒவ்வொரு விரலா பாத்தான். புது சட்ட போட்டவன் பாக்கற மாதிரி.

"சூப்பரா இருக்கேன்," அப்படின்னான், செவெரினோட குரல்ல. "அசதியே இல்ல."

"இதான்டா வண்டி!" கிளெமென்ஸ் கத்தினான். "உன் சீட்டு உனக்குத்தான்டா, எவனுக்கும் குடுக்க மாட்டேன்!"

வண்டி பிட்டுக்குள்ள நுழைஞ்சு நின்னுச்சு. கண்ணாடிக்குள்ள அவன் எழுந்தான். முதுக நெட்டி முறிச்சான். கோட்ட எடுத்து மாட்டினான். போறப்ப லைட்ட அணைச்சான்.

இருட்டு.

அப்புறம் கண்ணாடியில வேற ரூம் வந்துச்சு. சின்னது. மஞ்சள் விளக்கு. மேசையில பிளாஸ்டர் பல்லுங்க வரிசையா. நடுவுல ஒரு பொண்ணு, அள்ளிக் கட்டின முடி, கண்ணுக்குக் கீழ கருப்பு. அவன் அவள பாக்கறது இதான் முதல் தடவ.

வண்டி கிளம்புச்சு. அவ கை ஸ்டியரிங்கத் தொடறதுக்கு முன்னாடியே அவன் கை திரும்புச்சு. அவன் திருப்பல. தானா. முதல் வளைவு. ரெண்டாவது. கல்ல உரசாம.

"அட," பொக்னா சிரிச்சா. "என்னடா இது, கையே வைக்க வேணாம் போலருக்கே."

"பொக்னா!" எஞ்சின் சத்தம்.

"எனக்கும் ஒரு வாரமா தூக்கமே இல்ல, தெரியுமா," அப்படின்னா, யார்கிட்டயோ. ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டா.

நேர்ரோடு வந்துச்சு. நேர்ரோட்டுல மட்டும் கையுறைக்குள்ள அவனோட சொந்த விரல் கொஞ்சம் அசஞ்சுது. சுண்டுவிரல். அப்புறம் மணிக்கட்டு. செவுரு பக்கத்துலயே ஓடி வந்துச்சு. ஒரே ஒரு திருப்பு போதும். வண்டி நொறுங்கும், அவ முழிச்சுடுவா, சீட்ட விட்டு எழுந்துடுவா.

இவன் இங்கயே இருப்பான்.

முன்னாடி இங்க உக்காந்திருந்தது எப்படி வெளிய போச்சுன்னு அவனுக்கு இப்ப தெரியும். ரொம்ப மெதுவா, ஆடாம அசங்காம ஓட்டியிருக்கு. தூங்கறவன் முழிச்சுடக் கூடாதுன்னு, தூங்கினாத்தான் இடம் மாத்திக்க முடியும்னு.

கண்ணாடியில பொக்னாவோட ஒரு கண்ணு மூடிடுச்சு. இன்னொண்ணு பாதி.

செவெரின் ஸ்டியரிங்க நேராப் பிடிச்சான். ரொம்ப நேரா. தொட்டில ஆட்டறவன் மாதிரி.

சொல்லுங்க, அவன் அசதியோட, அந்த இருட்டுல, அந்த சீட்டுல நீங்க இருந்திருந்தா திருப்பியிருப்பீங்களா?