சிக்னல் செத்த வளைவு

ரிவர்ஸ்டன் வளைவு தாண்டியும் பஸ்சுக்குள் ஒரு தலை நிமிரவில்லை.

ஸஹாப்தீனுக்கு அது சரியாகப் படவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மாத்தளைக்கு மிளகு மூட்டையோடு போய், வெறும் சாக்கோடு மாலை லக்கல பஸ்சில் திரும்புகிற ஆள் அவர். அந்த வளைவில் சிக்னல் செத்துவிடும் என்பது போனே இல்லாத அவருக்கும் தெரியும். ரத்தோட்டையிலிருந்து குனிந்தே வரும் தலைகள் அங்கேதான் நிமிரும். "அட, போச்சு" என்று எவனாவது சலித்துக்கொள்வான். ஒருத்தி ஜன்னலைச் சாத்துவாள். பக்கத்தில் இருப்பது யார் என்று அப்போதுதான் பார்ப்பார்கள், பிறகு பேச்சு தொடங்கும். அந்த வளைவுக்குப் பிறகுதான் இதுகள் மனிசர் என்று, வீட்டில் மிளகு உருவும் மகள் ஆஸியாவிடம் அவர் சொல்வதுண்டு.

இன்றைக்குப் பேச்சில்லை. பனி ஜன்னல் வழியாக நுழைந்து இருக்கைகளுக்கு நடுவே ஈரத்துணி போல நின்றது. சூடேறிய பிரேக்கின் கருகல் நாற்றமும், நனைந்த இலையின் வாடையும், பேத்தியின் காதில் வைத்த பஞ்சின் மருந்து வாடையும் அதற்குள் கலந்து கிடந்தன. இஞ்சின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், அரிசி மூட்டையை எலி சுரண்டுவது போல, விட்டு விட்டுக் கேட்டது.

பேத்தி றுஸ்னா இரண்டு இருக்கை முன்னால், யாரோ ஒரு பெண்ணின் மடியில் இருந்தாள். நாலு வயது. மூன்று நாளாகக் காது வலி. டொக்டரிடம் காட்டிவிட்டு ஏறியபோது பஸ் நிறைந்திருந்தது. இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் கிழவனுக்கு ஒருவரும் எழும்பவில்லை. தலையை நிமிர்த்தினால்தானே கிழவன் தெரிவான்.

நிற்கிறவரின் பையையும் பிள்ளையையும் உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது அந்த ரோட்டு வழக்கம். கார்மெண்ட் பெக்டரிச் சட்டை போட்ட ஒரு பெண் குனிந்த தலையோடு ஒரு கையை நீட்டினாள். ஸஹாப்தீன் லேசில் யாரையும் நம்பமாட்டார். இரண்டு முறை பார்த்தார். தலை வகிடு மட்டும் தெரிந்தது. இடுப்பு நொந்தது. கொடுத்துவிட்டார்.

பிள்ளை வீறிட்டு அழுதாள். அந்தப் பெண் தன் போனை அவள் கையில் வைத்தாள். குழாயை மூடியது போல அழுகை நின்றது. அது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ரத்தோட்டையில் கண்டக்டர் பவாஸ் வந்து நெருக்கினான். "உள்ளுக்குப் போங்க ஹாஜியார். இன்னும் போன் வாங்கலியா? கபுறுக் குழிக்குள்ள போனா எப்படி கோல் எடுப்பீங்க?"

ஹஜ்ஜுக்குப் போகாதவரை ஹாஜியார் என்பது அவன் கிண்டல்.

"எதுக்கு எடுக்கணும்? நீ அங்கயும் வந்து புட்போர்ட்லதான் தொங்குவ" என்றார் அவர். அவன் சிரித்தான். பஸ்சில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அது.

"றுஸ்னா" என்று இப்போது கூப்பிட்டுப் பார்த்தார்.

திரும்பவில்லை.

"காது வலிக்குதா மகள்? இந்தா, அப்பா இங்கதான் நிக்கிறேன்." அம்மாவின் வாப்பாவை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

சாக்கை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார். பிள்ளையின் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தார். கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவருடைய தாடிதான் தெரிந்தது. பிள்ளையின் விரல் அதை மேலே தள்ளியது. சற்று நின்றது. மறுபடி தள்ளியது.

பக்கத்து இருக்கைக்காரனின் போனைப் பார்த்தார். கறுப்பு. அதற்கடுத்தது. கறுப்பு. எல்லா முகத்திலும் நீலம். நாற்பது பெருவிரல்கள் ஒன்றாக மேலே போயின. ஒன்றாக நின்றன. எலி சுரண்டும் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது.

கையில் போன் இல்லாத அந்தப் பெண்ணின் விரல், பிள்ளையின் முழங்காலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தே ஆகவேண்டிய ஒடுங்கிய ரோட்டில், வெகுநேரமாக ஹோர்ன் இல்லை.

டிரைவரின் கண்ணாடியைப் பார்த்தார். கீழிருந்து நீலமான ஒரு தாடை. ஸ்டியரிங் மேல் ஒரு பெருவிரல். மேலே. மேலே. பஸ் மட்டும் பிசகாமல் திரும்பியது.

"பவாஸ்! டேய்!"

பவாஸ் வாசலில் சாய்ந்திருந்தான். கை வெறுமையாக இருந்தது. விரல் காற்றைத் தள்ளியது.

ஸஹாப்தீன் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவர் இறங்கும் ஹோல்ட்தான். பஸ் நின்றது. பிள்ளையைத் தூக்கினார், அந்தப் பெண்ணின் கை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஈர மண் போலச் சில்லிட்டிருந்தன. போன் கீழே விழுந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

இறங்கிவிட்டார். பஸ் நகர்ந்தது. உள்ளே விளக்கில்லை. ஜன்னல் ஜன்னலாக நீல முகங்கள். பனி மூடிக்கொண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்." பிள்ளை வந்துவிட்டாள். இனி வீடு. அவளைத் தாயின் கையில் கொடுத்துவிட்டால் போதும். பின்பக்கம் பார்த்தபடி தோளில் சாய்ந்திருந்தாள். நடந்தார்.

பத்தடி போயிருப்பார்.

அவருடைய நிழல் நீல வெளிச்சத்தின் நடுவே முன்னால் விழுந்து கிடந்தது. அந்த ரோட்டில் விளக்குக் கம்பம் கிடையாது.

திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை. பிடரியில் ஒரு சின்ன விரல் வந்து பட்டது. மேலே தள்ளியது. நின்றது. மேலே தள்ளியது.

வீட்டுப் பக்கமிருந்து டோர்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. ஆஸியா.

"ஏன் வாப்பா இவ்வளவு நேரம்? டொக்டர் என்ன சொன்னாரு?"

"பார்க்காத! உள்ளுக்குப் போ!"

"என்ன பேசுறீங்க? என் புள்ளய நான் பார்க்காம யாரு பார்ப்பா? காட்டுங்க, தூங்கிட்டா…"

அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். கேள்வி பாதியில் நின்றது.

"ஆஸியா?"

டோர்ச் விழுந்தது. உருண்டு அவர் காலில் முட்டி அணைந்தது. ஆனாலும் முன்னால் கிடந்த நிழல் அழியவில்லை. இன்னும் கறுத்தது.

"மகள்?"

பிடரியின் மறுபக்கத்தில் இன்னொரு விரல் வந்து பட்டது. பெரிய விரல். மிளகு உருவி உருவிக் காய்த்துப்போன விரல். மேலே தள்ளியது.

நின்றது.

மேலே தள்ளியது.