வெளிச்சத்தில் வைத்த பாட்டில்

"ஐயோ... முதலாளி!"

ஸ்டோர் கீப்பர் அம்மாள் போட்ட அலறல் குடோன் கடைசி வரை கேட்டது.

கெமிக்கல் சப்ளை கம்பெனியின் முதலாளி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். சட்டையெல்லாம் வாந்தி. முகம் வீங்கியிருந்தது. மேஜையில், வீட்டிலிருந்து பிளாஸ்கில் வந்த ஓட்ஸ் கஞ்சி. பாதி காலி.

காலை மணி பத்தேகால்!

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற ஆசாமி. கண்ணாடியில் தன் முகத்தையே ரெண்டு தடவை பார்ப்பார்.

"போன் பண்ணினது யாரு?"

"நான்தான் சார்."

முன்னால் வந்தான் முதலாளியின் மச்சான். மனைவியின் தம்பி. கம்பெனியின் சேல்ஸ் முழுக்க அவன் கையில்.

"கஸ்டமரைப் பார்த்துட்டு இப்பத்தான் நேரா வர்றேன் சார். மாமாவுக்கு இப்படின்னு கேட்டதும் ஈரக்குலையே நடுங்கிடுச்சு. இது விஷம் சார்... தைமரோசால்!"

"அப்படின்னா?"

"பாதரசம் சேர்ந்த சரக்கு. எடையில பாதி பாதரசம்தான். கண் சொட்டு மருந்து கெடாம இருக்க இத்துணூண்டு சேர்ப்பாங்க. மருந்து கம்பெனிங்களுக்கு நாங்கதான் சப்ளை. க்ரீம் கலர் பவுடர், தண்ணியில சட்டுனு கரையும். ஸ்பூன் ஸ்பூனா உள்ள போனா... அவ்வளவுதான்!"

"டாக்டரே இன்னும் வாயைத் திறக்கல. நீங்க பேரோட சொல்றீங்க?"

மச்சான் விரலை நீட்டினான். "விஷ அலமாரி சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க சார்!"

விரலுக்கு நேரே ஸ்டோர் கீப்பர் அம்மாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்கிட்டதான் சார். இருபத்திரண்டு வருஷமா. சோறு போட்ட மனுஷனை நான் எதுக்கு சார் கொல்லப் போறேன்? போன வாரம் மச்சான் இவர் ரெண்டு பார்ட்டிக்கு இந்தச் சரக்கை அனுப்பச் சொன்னார். எதுக்கு வாங்குறோம்னு அவங்க எழுதிக் கொடுக்கல. அந்தக் காகிதம் இல்லாம ஒரு கிராம் வெளியே போகாதுன்னுட்டேன். முதலாளிகிட்டயும் சொன்னேன், அவரும் அனுப்பாதேன்னுட்டார். அதுலேர்ந்து என்னைக் கண்டாலே இவருக்கு ஆகல!"

"சும்மா கதை விடுது சார் இந்தம்மா!"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரெண்டு பேர் மேலும் நம்பிக்கை வரவில்லை.

"அலமாரியைத் திறங்கம்மா."

இரும்பு அலமாரி. உள்ளே மூன்று பழுப்பு பாட்டில்கள். சீல் உடையவில்லை. தராசில் வைத்துப் பார்த்தார்கள். லேபிளில் போட்டிருந்த எடை... நூல் பிசகவில்லை!

"இதுல யாரும் கை வைக்கலயே?"

மச்சானுக்கு வியர்த்தது. "அப்போ... ரிசப்ஷன் ஷோகேஸைப் பாருங்க சார்! அங்கேயும் ஒரு பாட்டில் இருக்கு. ரெண்டு விரல் குறைஞ்சிருக்கும். அந்தச் சாவியும் இந்தம்மாகிட்டதான்!"

ரிசப்ஷனுக்கு விரைந்தார்கள். ஜன்னலோரம் ஷோகேஸ். சுள்ளென்று வெயில். உள்ளே பளபளவென்று ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டில். 'தைமரோசால்' என்று லேபிள்.

சரியாக ரெண்டு விரல் குறைந்திருந்தது!

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "கையை நீட்டுங்கம்மா."

அம்மாள் விலங்கைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் சரக்கைக் கண்ணாகக் காத்ததற்கு ஜெயிலா?

"ஒரு... ஒரு நிமிஷம் சார்."

ஷோகேஸைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திருகினாள். உள்ளங்கையில் பவுடரைக் கொட்டி...

அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்!

"ஏம்மா! துப்புங்க!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

மச்சான் நாலடி பின்னால் தாவினான். "செத்துருவே!"

அம்மாள் சப்புக்கொட்டினாள். "பால் பவுடர் சார். கொஞ்சம் கட்டி தட்டிப் போச்சு."

"என்னது?!"

"தைமரோசால் வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும் சார். அதனாலதான் பழுப்பு பாட்டில், இருட்டு அலமாரி. இது வர்றவங்க பார்க்கறதுக்காக நானே ரொப்பி வச்சது. அடியில 'மாதிரி'ன்னு ஒட்டியும் இருக்கேன். குடோன்ல எல்லாருக்கும் தெரியும். குடோன் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி! இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டர் பேசறேன். பேஷன்ட் கண் முழிச்சிட்டார். விஷமெல்லாம் இல்ல, பால் அலர்ஜி. ஊசி போட்டாச்சு. 'என் கஞ்சியில பாலைக் கலந்தது எவன்டா'ன்னு வார்டையே ரெண்டாக்கறார்!"

அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷ அழுகை.

இன்ஸ்பெக்டர் மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார்.

"கஸ்டமரைப் பார்த்துட்டு நேரா வந்தவர்... ஷோகேஸ்ல ரெண்டு விரல் குறைஞ்சதை எப்போ அளந்தீங்க?"

மச்சானின் பாக்கெட்டைத் துழாவியதில் ஷோகேஸின் டூப்ளிகேட் சாவி வந்தது. புத்தம் புதுசு!

"மாமா செத்துப் போய், பழி இந்தம்மா மேல விழுந்தா, காகிதம் கேக்க ஆளில்ல. அதானே திட்டம்?"

"சார்... சார்! வெறும் பால் பவுடர்தானே சார்? அதுக்குப் போய் ஜெயிலா?"

"விஷம்னு நினைச்சுத்தானேடா கலக்கினே!"

விலங்கு சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. கான்ஸ்டபிள் கேட்டார். "எந்த செல்லுல சார் போடறது?"

"ஜன்னல் இருக்கிற செல்லாவே பாருய்யா. வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாது... இது இருட்டுலயே கெட்டுப்போன சரக்கு!"