இரண்டு இடது கைகளுள்ள காவலன்

செவ்வாய்க் கோளின் நான்காம் குடியிருப்பில் அன்று ஞெகிழி நாள், அதாவது பிளாஸ்டிக் கணக்கெடுக்கும் நாள். விடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் வாசலில் மேசை போட்டு, வாளி, சீப்பு, செருப்பு, பல்செட் என்று அன்றாடம் புழங்கும் பிளாஸ்டிக் சாமான்களை அதன்மேல் பரப்பிவிட்டு, வெறுங்காலோடு பக்கத்தில் நின்றது. பல்செட்டை வைத்துவிட்டவர்கள் யாரோடும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

செவ்வாயில் பெட்ரோலியம் கிடையாது. முதலில் குடியேறியவர்கள் பூமியிலிருந்து கொண்டுவந்த ஞெகிழிதான் இருநூறு வருடமாக உருகி உருகி வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. போன வருடம் இறந்தவரின் செருப்பில் இந்த வருடம் யாரோ தண்ணீர் குடிப்பார்கள். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. சும்மா கிடக்கும் ஞெகிழியைத்தான் அரசாங்கத்துக்குப் பொறுக்காது. அதைக் கண்டுபிடிக்க 'பயன்மானி' என்று ஒரு கருவி இருந்தது. வியர்வை, தேய்மானம், கீறல் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து நூற்றுக்கு இத்தனை என்று எண் சொல்லும். எண் ஐந்துக்குக் கீழே போனால் பொருள் உருக்காலைக்குப் போய்க் காற்றுக் குழாயாகிவிடும்.

காற்றழுத்தத் துறை எழுத்தர் இளவழுதிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இதுவரை பொம்மைகளுக்கு விலக்கு இருந்தது. இந்த வருடம் அதை எடுத்துவிட்டு, பொம்மைகளையும் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டு வாசல் மேசையின் நடுவில், பட்டுத் துணி விரித்து, ஒரு பெட்டி வைக்கப்பட்டிருந்தது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் உயரப் பொம்மை. 'சனிக்கோளில் சம்பந்தி' என்ற பழைய அறிவியல் படத்தில் ஒன்பது விநாடி தோன்றி, ஒரு கதவைத் திறந்துவிட்டு, சுடப்பட்டுச் சாகும் 'காவலன் ஏழு'. கதாநாயகன் பொம்மையை ஊரே வாங்கியதால் அதற்கு மதிப்பில்லை. காவலனை ஒருவரும் சீண்டாததால் பின்னாளில் அவனுக்கு ஏகப்பட்ட மதிப்பு. போதாக்குறைக்குத் தொழிற்சாலையில் யாரோ தூங்கி வழிந்ததில் இரண்டுமே இடது கைகளாக அமைந்துவிட்டன. சேகரிப்பாளர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. இளவழுதியின் குடும்பத்தில் ஐந்து தலைமுறை ஆண்கள் அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, பார்த்தபடியே செத்தும் போனார்கள்.

மதிப்பாளர் முப்பத்தொன்று வந்தது. அது இயந்திரம்தான், ஆனால் அரசாங்க இயந்திரம் என்பதால் எல்லோரும் அதை 'சார்' என்றார்கள். பெட்டிமேல் பயன்மானியைக் காட்டியது.

"பூஜ்ஜியம்."

"சார், அதான் சார் விசேஷமே! ஒரு கைகூட படல. சீல் உடைக்கல."

"பெட்டியில் 'விளையாட்டுப் பொருள்' என்று அச்சிட்டிருக்கிறது. யாராவது விளையாடினீர்களா?"

"விளையாடினா கெட்டுடுமே சார்!"

இந்தப் பதிலுக்கான பிரிவை இயந்திரம் தன் விதித்தொகுப்பில் தேடியது, கிடைக்கவில்லை. "உருக்காலைக்கு" என்றது.

இளவழுதி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் மனைவி செங்கமலம் முன்னே வந்தாள். "சார், அப்பீல் ஒண்ணும் இல்லையா?"

"உண்டு. மூன்று நாள் அவகாசம். விளையாடிப் பயனை நிரூபியுங்கள். ஆனால் பொம்மை பயன்பட்ட இடத்தையும் நான் வீட்டுக்குள் வந்து சரிபார்ப்பேன்."

"தாராளமா வாங்க சார்!" என்றார் இளவழுதி. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது.

பெட்டியின் சீலை அவர் கத்தியால் கீறினார். உள்ளேயிருந்து இருநூறு வருடத்துப் பூமிக்காற்று ஒரு கையளவு வெளியே வந்தது. பயபக்தியோடு மூக்கை வைத்து இழுத்தார். பசை நாறியது.

பிறகு பொம்மையை மேசையில் நிறுத்தி, எதிரே உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் பார்த்தார்.

"என்னங்க, விளையாடச் சொன்னா வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"எப்படி விளையாடறதுன்னே தெரியல கமலம்."

"படத்துல அவன் என்ன பண்றான்?"

"கதவத் தொறக்கறான். செத்துப்போறான்."

"அப்ப தொறங்க. சாவட்டும்."

முதல் நாள் காவலன் ஏழு ஃபிரிட்ஜ் கதவை முப்பது தடவை திறந்து முப்பது தடவை செத்தான். இளவழுதி ஒவ்வொரு முறையும் குனிந்து, கீறல் விழுந்ததா என்று பார்த்தார். விழவில்லை என்றால் கவலைப்பட்டார், விழுந்தால் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டார். இரண்டாம் நாள் அலுவலகத்துக்கு லீவு சொன்னார். செங்கமலம் சோபாவுக்குப் பின்னால் பதுங்கி விரலால் சுட, காவலன் சோபா உச்சியிலிருந்து குதித்தான். செவ்வாயின் ஈர்ப்பு குறைவு என்பதால் சாவகாசமாகவே விழுந்தான். மூன்றாம் நாள் இளவழுதி அவனைச் சாக விடவில்லை. "ரெண்டு இடது கைடா எனக்கு! எந்தப் பக்கம் சுடுவேன்னு உனக்குத் தெரியுமா?" என்று காவலனின் குரலில் கத்திக்கொண்டு முட்டியால் தவழ்ந்து மனைவியைச் சுற்றி வளைத்தார். இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அந்தப் பொம்மைமேல் அவருக்கு எப்போதும் பயம்தான் இருந்தது. அன்றுதான் பிரியம் வந்தது. இதை இழந்தால் தாங்கமாட்டேன் என்று அவர் மனைவியிடம் வாய்விட்டே சொன்னார்.

மறுநாள் காலை மதிப்பாளர் வந்தது. பயன்மானியைக் காட்டியது.

"எழுபத்துமூன்று. பொம்மை உங்களுடையது."

இளவழுதி இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது விலகிக்கொண்டு, "பயன்பட்ட இடம்?" என்றது.

"இங்கதான் சார், இந்த சோபாவுலேருந்துதான் குதிச்சான்!" என்று பெருமையாக உள்ளே அழைத்துப் போனார்.

பயன்மானி சோபாவை மோப்பம் பிடித்தது. "சோபாவின் ஞெகிழி உறை, தொண்ணூற்றெட்டு. சோபா, பூஜ்ஜியம். எத்தனை ஆண்டுகளாக இதில் உட்காருகிறீர்கள்?"

"கல்யாணத்துக்கு எடுத்தது சார். பதினெட்டு வருஷம்."

"நீங்கள் உட்கார்ந்தது உறையில். சோபாவில் இதுவரை யாரும் உட்காரவில்லை."

"கவரப் பிரிச்சா அழுக்காயிடும் சார்..." என்றார் இளவழுதி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஞெகிழி நாளில் வாசல் மேசையில் வைத்ததை மட்டும்தான் சோதிப்பார்கள். பதினெட்டு வருடத்தில் எந்த மதிப்பாளரும் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. முப்பத்தொன்று இப்போது நிதானமாகச் சுற்றி வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரர் ஒட்டிய மெல்லிய படலம், தொண்ணூற்றைந்து, கதவு, பூஜ்ஜியம். ரிமோட்டின் உறை, தொண்ணூற்றொன்பது, ரிமோட், பூஜ்ஜியம். மெத்தையும் அப்படியே. கண்ணாடி அலமாரியில் இருபத்துநான்கு தட்டுகளோடு ஒரு ஞெகிழி டின்னர் செட், விலைச் சீட்டு கழற்றாமல்.

"அது விருந்தாளி வந்தா எடுக்கறதுக்கு" என்றாள் செங்கமலம்.

"விருந்தாளிகள் வந்தார்களா?"

"வந்தாங்க. ஆனா அவ்வளவு பெரிய விருந்தாளி யாரும் வரல சார்."

மத்தியானத்துக்குள் உருக்காலை வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டது. ஃபிரிட்ஜின் உட்புறம் பயன்பட்டிருந்ததால் அதை விட்டுவிட்டு, கதவை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். உறைகளை ஒன்றுவிடாமல் பத்திரமாக உருவி வீட்டிலேயே வைத்தார்கள். "இவைதான் நீங்கள் உண்மையாகப் பயன்படுத்தியவை. இவற்றைப் பறிக்க எனக்கு அதிகாரமில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு முப்பத்தொன்று கிளம்பியது.

கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்தார்கள். பதினெட்டு வருடப் பழக்கத்தில் சோபாவின் உறை இன்னும் சோபா போலவே நின்றது. பிறகு மெல்ல மெல்ல மடங்கிச் சரிந்தது. செங்கமலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"போகுது விடுங்க. அவனாவது மிஞ்சினானே. எடுங்க, ஒரு ஆட்டம் போடலாம்" என்றாள்.

இளவழுதி காவலனைக் கையில் எடுத்தார். நெற்றியில் ஒரு கீறல், முட்டியில் ஒரு தேய்மானம். கண்கள் கலங்க அவனைத் தடவிக்கொடுத்தார். பிறகு குவியலில் கைவிட்டுத் துழாவி ரிமோட்டின் உறையை எடுத்து, அதற்குள் அவனைத் தலைகீழாக இறக்கி, வாயை முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"எழுபத்துமூணு வாங்கியிருக்கான் கமலம்" என்றார் இளவழுதி. "இனிமே தொட்டா கெட்டுடும்."