செவ்விமை

இதில் சில நாட்கள் முன்பின்னாக இருக்கலாம். உலகம்மாள் முதல் முறை பொய் இமைமுடி ஒட்டிப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன் என்றுதான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அது ஜெசிந்தா சொல்லிக் கேட்டதோ என்று தோன்றுகிறது. பலமுறை கேட்ட காட்சி நாளடைவில் பார்த்த காட்சியாகிவிடுகிறது.

சந்தேகமில்லாமல் நினைவிருப்பது இமை மழிப்பு வரிசை. செவ்வாய்க் கோளின் நான்காம் குடியிருப்பில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலைக் காப்பிக்கு முன், எல்லோரும் வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொள்வோம். இயந்திரக் கை ஒன்று மேலிமை, கீழிமை இரண்டிலும் முடியை மழித்து ஈரப்பஞ்சால் துடைத்துவிடும். வெளியே போகும்போது போடும் கண்கவசம் இமைமேல் கிண்ணம்போல் கவிழ்ந்து உட்காரும். குறுக்கே ஒரு முடி கிடந்தாலும் அந்த இடுக்கில் செந்தூசி புகுந்துவிடும். குழந்தைகள்கூட அழுவதில்லை. பூமியில் முடிவெட்டிக்கொள்வதுபோலத்தான்.

வெளியேதான் தூசி. உள்ளே கிடையாது. ஒவ்வொரு நடைவழியிலும் மாட்டியிருந்த தூசிமானி அதற்குச் சாட்சி. அதன் முள் எப்போதும் சுழியத்தில் நிற்கும். ஒன்பது மானிகளைத் துடைப்பதும், திங்கட்கிழமைதோறும் ஒரு பொத்தானை அழுத்தி முள்ளைச் சரிபார்ப்பதும் உலகம்மாளின் வேலை. பதினோரு ஆண்டுகளாகச் செய்துவந்தாள். தென்காசியில் பன்னிரண்டு வயது மகள் கோமதியை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள்.

அந்த ஆண்டுச் சரக்குக் கலத்தில் அவளுக்கு ஒரு பொட்டலம் வந்தது. மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. கூடவே காந்தத்தால் ஒட்டும் பொய் இமை ஒரு ஜோடியும், இரும்புத்தூள் கலந்த மைக்குப்பியும், ஒரு சின்ன இடுக்கியும். தாலி கட்டும் நேரத்தில் அம்மாவின் வாழ்த்து பெரிய திரையில் வர வேண்டும், இதை ஒட்டிக்கொண்டு பேச வேண்டும் என்று கோமதி எழுதியிருந்தாள்.

உலகம்மாள் வாழ்நாளில் பொட்டுக்கும் பவுடருக்கும் மேல் எதையும் முகத்தில் பூசியதில்லை. மையால் இமையோரம் கோடு இழுத்து, இரண்டு நிமிடம் காயவிட்டு, இமையைக் கிட்டே கொண்டுபோனால் தானே பிடித்துக்கொள்ளும் என்று தாளில் போட்டிருந்தது. முதல் நாள் கோடு புருவம்வரை ஏறியது. இரண்டாம் நாள் இமை கண்ணை விட்டுவிட்டு இடுக்கியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கினால் சட்டைப் பொத்தானில் போய் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஒன்று மேலே பார்த்தது, ஒன்று கீழே.

அடுத்த அறைக்காரி ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. இருமலுக்கு நடுவே சிரிப்பவள். வறண்ட காற்றால் வரும் இருமல் என்று மருத்துவர் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏக்கா, ரெண்டு கம்பளிப்பூச்சி ஒம் மூஞ்சில சண்ட போடுது.”

“போடட்டும். சமாதானமாகுற வரைக்கும் விடமாட்டேன்.”

“பொண்ணு கல்யாணமா, ஒனக்குக் கல்யாணமா?”

உலகம்மாள் கண்ணாடியைவிட்டுத் திரும்பவில்லை. “எம்பிள்ள பன்னெண்டு வயசுல பாத்த மூஞ்சிளா இது. இந்த முட்டக்கண்ணோட போயி நின்னா யாரு இந்தப் பொம்பளன்னு கேப்பா.”

ஏழாம் நாள் இரண்டும் நேராக நின்றன. கறுத்த, அடர்ந்த இமைகள். அவள் சத்தம்போடாமல் அழுதாள். கை பழகட்டும் என்று அன்று வேலைக்கும் அப்படியே போனாள். மதியம் ஜெசிந்தா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இமை நுனியெல்லாம் சிவந்து, துருப்பிடித்த தூரிகைபோல் தடித்திருந்தது.

மை சரியில்லை என்று நினைத்தாள். கழுவி, துடைத்து, மறுநாள் ஒட்டினாள். மூன்று மணி நேரத்தில் மறுபடி சிவப்பு. சமையலறைப் புகையோ என்று மருத்துவமனை நடைவழியில் போய் உட்கார்ந்தாள். அங்கே இரண்டே மணி நேரம். கடைசியில் ஒன்பதாம் மானிக்கு நேர் கீழே, முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முள் சுழியத்தில் நின்றது. இமை சிவந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இரும்புச் சுவை. வெளியே கிடக்கும் அதே செந்தூசியைத்தான் காந்தம் இழுத்துச் சேர்த்திருந்தது.

அன்று இரவு அவள் ஜெசிந்தாவிடம் சொன்னதை ஜெசிந்தா எனக்கு அப்படியே சொன்னாள்.

“கடைக்காரன் தராசுல பாத்திரத்த வச்சிட்டு பொத்தான அமுக்குவான்லா, எடை சுழியமாயிரும். நான் தூசியோட சேத்துல்லா அமுக்கியிருக்கேன். திங்கக்கிழம திங்கக்கிழம, எங்கையாலயே.”

சரிபார்ப்புக்குத் தூய காற்று அடைத்த குப்பி வேண்டும். அது முதல் வருடத்திலேயே தீர்ந்துபோனது. நடைவழியில் இருக்கும் காற்றையே சுழியமாக வைத்துக்கொள்ளும்படி காற்று மேலாளர் தாணுமூர்த்தி அப்போது சொன்னார், அதுவே வழக்கமாகிவிட்டது. உலகம்மாள் எழுதிக்கொடுத்த புகார் மறுநாளே திரும்பி வந்தது. மானி சுழியம் காட்டுவதால் நடவடிக்கை தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தார். பூமிக்குப் போகும் எல்லாக் கடிதமும் அவர் கையெழுத்தைத் தாண்டியே போக வேண்டும். கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் மட்டும் பிரிக்காமல் போகும்.

“மண்டபத்துல ஆயிரம் பேரு இருப்பாங்கல்லா,” என்றாள் உலகம்மாள். “ஆயிரம் பேருல நாலு பேரு கேக்க மாட்டாங்களா?”

மறுநாள் காலையிலேயே இமையை ஒட்டிக்கொண்டு, நன்றாகச் சிவக்கும்வரை காத்திருந்து, படக்கருவிக்கு முன் அமர்ந்தாள். அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது.

“கோமதி, ரெண்டு பேரும் நல்லா இருங்க. இது நீ அனுப்புன மை நிறமில்ல, தாயி. காலைல கறுப்பாத்தான் ஒட்டுனேன். இது இங்க காத்துல இருக்க மண்ணு. இதத்தான் நாங்க நாலாயிரம் பேரும் மூச்சா இழுக்கோம். மானி பொய் சொல்லுது, சொல்ல வச்சது நாந்தான். கேக்குறவுக யாராவது மேல எடுத்துச் சொல்லுங்க. அவ்வளவுதான். நல்லா இருங்க.”

தென்காசி மண்டபத்தில் அவள் முகம் திரையில் வந்ததும் தாலி கட்டும் நேரமும் ஒன்றாக அமைந்தன. யாரோ கையை உயர்த்தினார்கள். கெட்டிமேளம் முழங்கியது. தவிலும் நாகசுரமும் அடங்கி முடிப்பதற்குள் அவள் பேசி முடித்திருந்தாள். திரையில் தெரிந்ததெல்லாம் உதடு அசைவதும், தீக்கங்குபோல் சிவந்த இரண்டு இமைகளும்தான். ஆயிரம் பேரில் பாதிப்பேர் அதைப் படம்பிடித்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். வீடியோக்காரர் அந்தப் பகுதிக்குப் பின்னணி இசை சேர்த்தார். ஒரு மாதத்துக்குள் பூமி முழுக்க அந்தச் சிவப்பு ஒப்பனை பரவி, அதற்குச் செவ்விமை என்று பெயரும் வந்திருந்தது.

தாணுமூர்த்தி கூப்பிட்டனுப்பியபோது உலகம்மாள் துணிமணிகளைக் கட்டிவைத்துவிட்டுப் போனாள். அவர் நாற்காலி போடச் சொன்னார். செவ்விமைக்கு அசல் செந்தூசி வேண்டுமென்று பூமியிலிருந்து கேட்டு எழுதியிருப்பதாகவும், அதைச் சேகரிக்கும் பிரிவுக்கு அவளைத் தலைவியாக்க நிர்வாகம் விரும்புவதாகவும் சொன்னார். வெளியே ஆளனுப்பி வாருவதைவிட வடிகட்டிகளைத் தளர்த்திவிட்டு நடைவழிகளில் காந்தத் தகடு மாட்டுவது எளிது என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள். அந்த வாரமே வடிகட்டிகளைத் தளர்த்தினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் பொத்தானை அழுத்தவில்லை. ஒன்பது முள்ளும் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றன. மதியத்துக்குள் வேறொருத்தியை வைத்து அழுத்தினார்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் கல்யாண நாளன்று அவள் அதே சொற்களைப் பேசி அனுப்பினாள். இமை ஒட்டவில்லை. வெறும் குரல் மட்டும். பார்க்க ஒன்றுமில்லாததால் யாரும் அதைத் திறக்கவில்லை.

ஜெசிந்தா கல்யாணம் நடந்த ஆண்டே இறந்தாள். தாணுமூர்த்தி மூன்று குடியிருப்புகளுக்கு மேலாளரானார். உலகம்மாள் ஆறு ஆண்டு கழித்து இறந்தாள், செவ்வாயிலேயே அடக்கம். கோமதி மூலப்பதிவை முதன்முறையாகச் சத்தத்தோடு கேட்டது அந்தத் துக்கத்தின் பதினாறாம் நாள். அவள் இப்போது இமை ஒட்டுவதில்லை. நான் ஓய்வுபெற்றுப் பூமிக்கு வந்துவிட்டேன். நான்காம் குடியிருப்பில் மானிகள் சுழியத்தில் நிற்கின்றன. மற்றவர்கள் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.