இரண்டு தட்டு

இருபத்துமூன்றாம் போர்ட்டில் செருகப்பட்டிருந்த சாம்பல் நிறக் கேபிள் எந்த வரைபடத்திலும் இல்லை; ஆயினும் அதன் மறுமுனையிலிருந்து, அன்று காலை முதல், ஏதோவொன்று "நிறுத்து" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

2003ஆம் ஆண்டின் ஒரு ஞாயிறு, நண்பகல். தொம்மலூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சன்னலற்ற சர்வர் கூடத்தில், ரங்கநாதன் திரையைப் பார்த்து அமர்ந்திருந்தான். ஒரு கருவி தன்னால் இனி ஏற்க இயலாது என்னும் நிலையை அடையுமாயின், கணினிகளை இணைத்துத் தரவை அனுப்பும் ஸ்விட்ச் பெட்டியைச் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம். ஸ்விட்ச்சும் கீழ்ப்படிந்து நிற்கும். ஆனால் இந்தக் கோரிக்கை ஓயவில்லை. இரண்டு இரண்டாக வந்தது. ஸ்விட்ச் காத்திருந்தது, அதன் நினைவகம் நிரம்பியது, அதே ஸ்விட்ச்சை நம்பியிருந்த ஒரு மருத்துவமனையின் பதிவுகள் காலையிலிருந்து தேங்கி நின்றன. கேபிளைப் பிடுங்கிவிடலாம். எனினும், யாருடையது என்று தெரியாத கேபிளைப் பிடுங்கும் துணிவு அத்தொழிலில் எவருக்கும் இல்லை.

ஆகவே அவன் இரண்டு காரியங்களைச் செய்தான். அந்தப் போர்ட்டின் "நிறுத்து" என்னும் சொல்லை இனிப் பொருட்படுத்த வேண்டாம் என ஸ்விட்ச்சுக்குக் கட்டளையிட்டான். பச்சை விளக்குகள் துள்ளத் தொடங்கின. பிறகு, கேபிளின் மறுமுனையைக் கண்டறிய நாகேஷை வரவழைத்தான்.

நாகேஷ் மர்பி டவுனைச் சேர்ந்த கேபிள் தொழிலாளி. இரும்புக் கால்களின்மேல் பலகைகள் பதித்து உயர்த்தப்பட்ட அந்தத் தளத்தின் அடியில், ஓர் ஆள் தவழ்ந்து செல்லுமளவே உயரமுள்ள குளிர்ந்த இருட்டு பரந்திருந்தது.

"பாஞ்சாலி மட்டன் வெச்சிருக்கா சார். ஒரு மணிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பத்து நிமிஷ வேலை நாகேஷ்."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா?" நாகேஷ் சிரித்துக்கொண்டே நைலான் கயிற்றை இடுப்பில் முடிந்தான், கைப்பேசியை மேசைமேல் வைத்தான். "கயித்த மட்டும் விட்டுடாதீங்க சார். அப்புறம் அவளுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

விசிறிகளின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், அடியிலிருந்து பலகையைத் தட்டிப் பேசுவது அவர்கள் வழக்கம். ஒரு தட்டு எனில் இழு. இரண்டு தட்டு எனில் நிறுத்து. நாகேஷ் தன் தடித்த வெள்ளி மோதிரத்தால் தட்டுவான். ஒவ்வொரு தட்டின் முடிவிலும் மெல்லிய கிணுக்கு ஒன்று எஞ்சும்.

அவன் ஒரு பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, கேபிளைப் பற்றியபடி அந்தத் துளை வழியே இறங்கி மறைந்தான். திறந்த பலகையின் வாயிலிருந்து ஈரமண்ணும் பழைய இரும்பும் கலந்த வாடை, மூன்றாம் மாடியில் மண் ஏது என்று ரங்கநாதனை ஒரு கணம் எண்ண வைத்துவிட்டு, குளிர்காற்றோடு மேலெழுந்து அவன் முகத்தில் படிந்தது. கயிறு அவன் உள்ளங்கைகளின் வழியே சீராக நழுவியது. ஐந்து மீட்டர். பத்து. பதினைந்து.

கூடத்தின் முழு நீளம் பதினெட்டு மீட்டர்.

கயிறு இருபதைத் தாண்டியது.

வளைந்து வளைந்து போகிறான் போலும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருபத்தைந்து. கயிறோ எதிர்ச்சுவரை நோக்கி நேர்கோடாக விறைத்துக் கிடந்தது. அச்சுவருக்கு அப்பால் வெயிலும் வெறும் காற்றும் மட்டுமே உண்டு.

அப்போது, மிகத் தொலைவில், இரண்டு தட்டு. கிணுக்கென்ற ஒலியுடன்.

அவன் கயிற்றை இறுகப் பிடித்தான். அது நிற்கவில்லை. தோலை உரித்துக்கொண்டு நழுவியது. மீண்டும் இரண்டு தட்டு. மீண்டும். திரையில் இருபத்துமூன்றாம் போர்ட்டிலிருந்து வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றாக ஏறியது. காலை முதல் வந்த கோரிக்கைகள் யாருடையவை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாகேஷ் இறங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்தே நாகேஷ் தட்டிக்கொண்டிருந்தான்.

மேசைமேல் கைப்பேசி ஒலித்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எட்டி எடுத்தான்.

"என்னாங்க, சோறு ஆறுது. எங்க இருக்கீங்க?"

"அம்மா, நான் ரங்கநாதன் பேசறேன்."

"அவரு எங்க சார்?"

"உள்ள இருக்கார்மா. இதோ வந்துடுவார்."

"சீக்கிரம் அனுப்புங்க சார். பசி தாங்க மாட்டாரு."

கைப்பேசி நழுவி விழுந்தது. கயிறு அவனைத் துளையை நோக்கி இழுத்தது. விசைப்பலகை மூன்றடி தூரத்தில். கயிற்றை விட்டால் நாகேஷ் போய்விடுவான். விடாவிட்டால் கட்டளையை மாற்ற இயலாது. கயிற்றை, சர்வர்களைத் தாங்கிய இரும்பு ரேக்கின் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தான். ரேக் முனகியது. இரத்தம் படிந்த விரல்களால் தட்டச்சு செய்தான். இருபத்துமூன்றின் சொல்லுக்குக் கீழ்ப்படி.

பச்சை விளக்குகள் நின்றன. விசிறிகளும் நின்றன.

கயிறு தளர்ந்தது.

இழுத்தான். எடையில்லை. முழுவதும் வந்தது. முனையில், நாகேஷின் இடுப்பளவு வளையம். முடிச்சு அவிழவில்லை. அறுபடவுமில்லை.

"நாகேஷ்!"

குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தான்.

பிறகு, அவன் காலடிப் பலகையின் நேர் கீழே, ஒரு தட்டு.

இழு.

அவன் சாம்பல் நிறக் கேபிளைப் பற்றினான். கனத்தது. ஓர் ஆளின் கனம். அழுதுகொண்டே இழுத்தான். "வந்துடு நாகேஷ். வந்துடுப்பா. வீட்டுல காத்திருக்காங்க." ஒரு தட்டு. இழுத்தான். ஒரு தட்டு. கேபிள் ஈரமாக வந்தது. ஒரு தட்டு. அருகில். இன்னும் அருகில்.

வெறும் தட்டு. மோதிரத்தின் கிணுக்கு இல்லை.

அவன் கேபிளைப் பிடித்தபடியே காதுகொடுத்தான்.

சுவருக்கு அப்பால், வெகு தொலைவில், களைத்துப்போன மோதிரம் ஒன்று இருமுறை தட்டியது.

நிறுத்து.

அவன் கேபிளை விட்டுவிட்டான். இரு கைகளையும் விரித்துப் பின்வாங்கினான்.

துளையிலிருந்து கேபிள், யாரும் இழுக்காமலே, வளையம் வளையமாக மேலே வந்துகொண்டிருந்தது.